மூன்றாம் நாள் கேட்டவர்கள்

நகர நூலகத்து மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடந்த அந்த வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. 'இஸ்லாமியக் கலையும் கல்வியும்: எல்லோரும் வரலாம்' என்று கீழே பலகையில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் வரலாம் என்று போட்டால் எத்தனை பேர் வருவார்கள்? பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அந்த விஷயத்தில் ஆசை. மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

கோர்ட்டம்மா இரண்டாவது கட்சி. ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் அவளுடைய அக்கா போன் செய்வாள், செய்தால் பன்னிரண்டுக்கு முன்னால் வைக்கமாட்டாள். வகுப்பில் இருக்கிறேன் என்றால் யார்தான் குறை சொல்ல முடியும்? நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சாட்சிகள் சொல்வதைச் சொன்னபடி தட்டச்சு செய்கிறவள் அவள். எதிரில் நிற்பவன் வாய் கூசாமல் பொய் சொன்னாலும் அந்தப் பொய்யை ஓர் எழுத்து பிசகாமல் அடித்துக் கொடுப்பாள். அதனால்தான் வகுப்பில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான்.

முதல் ஐந்து வாரம் பேராசிரியை படங்கள் காட்டினார். ஓடு பதித்த சுவர்கள், நட்சத்திரங்களை அளக்கும் பித்தளைத் தட்டு, வெறும் கவராயத்தையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு போட்ட பன்னிரண்டு முனைக் கோலங்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு, வேகமான பேச்சு, நடுவில் யாராவது கொட்டாவி விட்டால் "ஜன்னலைத் திறங்க" என்பார். ஐந்தாவது வாரம் முடியும்போது ஒரு சின்னக் கையெழுத்துப் பிரதியை மேஜையில் வைத்தார். மை காய்ச்சுவது, தாள் பதப்படுத்துவது, நூல் எழுதுகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிய பழைய அரபு நூல் ஒன்றை அவரே தமிழாக்கி, அவரே கையால் எழுதி, தைத்து வைத்திருந்தார். பின்னால் பத்துப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"அடுத்த அஞ்சு வாரம் இதை நான் சத்தமா படிக்கப் போறேன். நீங்க கேக்கப் போறீங்க. அந்தக் காலத்துல பள்ளிவாசல்லயும் வீட்டு முற்றத்துலயும் இப்படித்தான் பாடம் நடந்துச்சு. படிச்சு முடிச்சதும் கடைசிப் பக்கத்துல யார் யார் கேட்டாங்கன்னு ஒரு குறிப்பு எழுதுவாங்க. யார் லேட்டா வந்தாங்க, யார் நடுவுல எழுந்து போனாங்க, யார் பக்கத்துல இருந்தவரோட பேசிட்டு இருந்தாங்க, யார் தூங்கினாங்க, எல்லாமே எழுதுவாங்க. எழுநூறு வருஷம் கழிச்சு நான் படிக்கிறேன், 'இவர் தூங்கினார்'ன்னு இருக்கு! முழுசா கேட்டவங்களுக்கு மட்டும் அந்த நூலை மத்தவங்களுக்குப் படிச்சுக் காட்ட உரிமை உண்டு. விட்டவங்க, விட்ட பகுதியை முழுசா கேட்ட ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டுக்கலாம். அதையும் எழுதிடணும். நம்ம குறிப்பை யார் எழுதறது?"

எல்லோரும் கோர்ட்டம்மாவைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்?

முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வாரம் பேய்மழை. மூன்றே பேர் வந்தார்கள். முன்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர், எதைச் சொன்னாலும் "அதுதான் எனக்குத் தெரியுமே" என்று ஆரம்பிக்கிறவர். ஜன்னலோரம் ரொட்டிக்காரர். பக்கத்துத் தெரு ரொட்டிக்கடை அவருடையது, விடியும் முன்பே எழுந்து அடுப்புப் பற்றவைத்து, கடைசித் தட்டை இறக்கிவிட்டு, கையில் மாவு காயும் முன்பே நேராக மாடி ஏறுவார். பின்வரிசையில் கோர்ட்டம்மா, மடியில் நோட்டு. மூன்று பேர் வந்தாலும் வாசிப்பு வாசிப்புதான் என்று பேராசிரியை ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு பக்கம் ஆகியிருக்கும். கோர்ட்டம்மாவின் பையில் போன் துடித்தது. அக்கா. மழைக்கு வகுப்பு இருக்காது என்று கணக்குப் போட்டிருப்பாள். ஒரே நிமிடம் பேசி வைத்துவிடலாம் என்று கோர்ட்டம்மா பூனை மாதிரி எழுந்து மாடிப்படிக்கு வந்தாள். அக்காவின் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி வீட்டில் ஓர் அலமாரி வாங்கியிருந்தார்கள், அதைத் தங்கள் பெண்ணுக்கு அனுப்பாமல் தங்களுக்கே வைத்துக்கொண்டார்களாம். எத்தனை கதவு, எந்த மரம், கண்ணாடி உள்ளேயா வெளியேயா என்று அக்கா சொல்லச் சொல்ல, கோர்ட்டம்மாவும் சும்மா இருக்கவில்லை. "அப்படியா சொன்னாங்க?" என்று எடுத்துக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது ருசியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது பேராசிரியை கடைசிப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கண்ணாடிக்காரரின் முதுகு அசையவில்லை. ரொட்டிக்காரர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கோர்ட்டம்மா நோட்டைத் திறந்து எழுதினாள்: மூன்றாம் நாள், ரொட்டிக்காரர் தூங்கினார். தன்னைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று நினைத்து விட்டதில்லை. நினைக்கவே இல்லை.

மழைக்கு வராத ஒன்பது பேருக்காக அடுத்த வாரம் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து மூன்றாம் பகுதியைப் பேராசிரியை மறுபடி படித்தார். கோர்ட்டம்மா போயிருக்கலாம். அன்று எட்டரை மணிக்கே புடவை கட்டித் தயாராகத்தான் இருந்தாள். போனால், நீங்கள்தான் அன்றைக்கு வந்தீர்களே என்பார்கள். என்ன பதில் சொல்வது? சம்பந்தி வீட்டு அலமாரி என்றா? பத்து மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியேறினாள். ரொட்டிக்காரரும் அந்த மறுவாசிப்புக்கு வரவில்லை. ஒன்பது மணிக்கு அவருக்கு அடுப்பில் கடைசித் தட்டு இருக்கும். தவிர, தான் தூங்கியதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கடைசி நாள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, கோர்ட்டம்மா நோட்டைப் பார்த்து நல்ல பிரதியில் குறிப்பை எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'முழுவதும் கேட்டார்', அல்லது 'மூன்றாம் நாள் வரவில்லை, பிறகு கேட்டார்'. ரொட்டிக்காரரின் பெயருக்கு எதிரே 'மூன்றாம் நாள் தூங்கினார்' என்று அழகாக, நிறுத்தி, எழுதினாள். கடைசியாக எழுதுகிறவரின் பெயர், அதாவது அவளுடைய பெயர். அங்கே பேனா நின்றது. மாடிப்படி மறுபடி ஞாபகம் வந்தது. பக்கத்தில் பேராசிரியை குனிந்து பார்த்துக்கொண்டு, "என்ன எழுத்து! அச்சு மாதிரி இருக்கு" என்றார். பன்னிரண்டு பேருடைய மூச்சும் பிடரியில் பட்டது. அவள் 'முழுவதும் கேட்டார்' என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வலித்தது அந்த நடுங்காத எழுத்துதான்.

பேராசிரியை குறிப்பைச் சத்தமாகப் படித்தார். 'தூங்கினார்' வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். ரொட்டிக்காரரும் சிரித்தார், காது மடல் மட்டும் சிவந்தது. கோர்ட்டம்மாவும் சிரித்தாள். பிரதியை நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பேராசிரியை மூன்று மாத வேலையாக வெளியூர் போய்விட்டார்.

அடுத்த வாரம் கோர்ட்டம்மா வழக்கம்போல ரொட்டி வாங்கப் போனாள். ரொட்டிக்காரரின் மனைவிதான் எப்போதும் முன்னால் உட்கார்ந்திருப்பார். தட்டில் ஒரு பன் குறைந்தாலும் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுகிற பெண். "வாங்கக்கா. உங்ககிட்ட இவர் என்னமோ கேக்கணுமாம். நாலு நாளா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கார்" என்றார்.

ரொட்டிக்காரர் உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் அடுப்பு, மழை, மாவு விலை என்று சுற்றி வளைத்தார். பிறகு சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதினது சரிதான், நான் தூங்கிட்டேன். ஆனா பாருங்க, நான் அஞ்சாவதோட படிப்பை விட்டவன். என் பேர் ஒரு புத்தகத்துல வர்றது இதுதான் மொத தடவை. அதுல தூங்குனான்னு இருக்கு."

"அண்ணா, அது சும்மா ஒரு…"

"இல்லல்ல, உங்களைக் குறை சொல்லல. விட்டதைக் கேட்டுக்கலாம்னு அவங்க சொன்னாங்கல்ல? நீங்க முழுசா கேட்டிருக்கீங்க, அதுல எழுதியிருக்கு. அந்த ஒரு நாளை மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?"

கோர்ட்டம்மா அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்த மனிதர் கையைத் துணியில் துடைத்தபடியே நின்றுகொண்டிருந்தார், கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன அண்ணா, படிச்சாப் போச்சு" என்று சொன்னது கோர்ட்டம்மாவின் வாய்தான்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, நூலகரிடம் கேட்டுப் பிரதியை வாங்கிக்கொண்டு போனாள். கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ரொட்டிக்காரர் குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "காலைல பதினொண்ணுக்கே படுத்துத் தூங்க வச்சுட்டேன், இன்னைக்குக் கண்ணை மூடமாட்டார்" என்றார் மனைவி.

அவள் படித்தாள். கேட்டவள் மாதிரி படித்தாள், முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி எங்கும் தடுமாறக் கூடாதே என்று விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டே படித்தாள். நடுவில் அந்த இடம் வந்தது.

'எழுதும்போது பிழை வந்தால் கத்தியால் சுரண்டாதே. சுரண்டிய இடத்தில் தாள் மெலியும். அங்கே என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாமல் போகும். பிழையின் மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு இழு. கோட்டுக்கு அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும். சரியானதை ஓரத்தில் எழுது. பிழை செய்தவர் பெயரை அங்கே குறிப்பிடுவது நல்லது, அவர் நீயாக இருந்தாலும்.'

கோர்ட்டம்மா தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அன்னைக்கு இந்த இடத்துல டீச்சரம்மா ஏதாவது சொன்னாங்களா?" என்று ரொட்டிக்காரர் கேட்டார். "தூக்கத்துல கண்ணாடிக்காரர் சிரிச்ச மாதிரி காதுல விழுந்துச்சு. அதான் கேட்டேன். அதையும் விடக்கூடாதுல்ல."

கோர்ட்டம்மா சாட்சிக் கூண்டில் எத்தனையோ பேர் இப்படி ஒரு நொடி மேலே பார்த்துவிட்டுப் பேசுவதைப் பார்த்திருக்கிறாள். அவளும் மேலே பார்த்தாள்.

"ஆமா அண்ணா. கத்தி வச்சிருக்கறவன் மறைப்பான், பேனா வச்சிருக்கறவன் ஒத்துக்குவான்னு சொன்னாங்க. அதுக்குத்தான் சிரிச்சார்."

"அடடா!" என்றார் ரொட்டிக்காரர். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனைவியையும் சொல்ல வைத்தார்.

வாசித்து முடித்ததும் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயருக்குப் பக்கத்தில், 'விட்டதைப் பிறகு குறிப்பு எழுதியவரிடம் கேட்டார். விழித்திருந்தார்' என்று எழுதினாள். அவர் அந்த ஒரு வரியை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே நாளில் அந்தப் பக்கத்தின் நகல், சட்டம் போட்டு, கடையில் ரொட்டித் தட்டுக்கு மேலே தொங்கியது. வருகிறவர்களிடம் மனைவி கரண்டியால் சுட்டிக் காட்டினார். மூன்றாம் பகுதியையும் நகலெடுத்து வைத்திருந்த ரொட்டிக்காரர் தினமும் மதியம் தன்னிடம் வேலை பார்க்கும் நான்கு பேரையும் உட்காரவைத்து அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினார், கத்தி வச்சிருக்கறவன் உட்பட. அதையும் ஒரு தாளில் எழுதி நான்கு பேர் பெயரையும் போட்டு வைத்தார். கோர்ட்டம்மா போனால் அடுப்பிலிருந்து அப்போது இறக்கியதை எடுத்துக் கொடுத்து, "இவங்ககிட்டதான் கேட்டேன்" என்று கடையில் நிற்பவர்களிடம் சொன்னார். சூடான ரொட்டி கையைச் சுட்டது. அதைவிட அந்தப் பேச்சு சுட்டது.

அவள் நாலு தெரு தள்ளி வேறு கடையில் வாங்க ஆரம்பித்தாள்.

"இது ரொட்டியா, செங்கல்லா?" என்றார் வீட்டுக்காரர். "நம்ம கடைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அவர் உன் பேரை மாட்டி வச்சிருக்கார்னு ஆபீஸ்லகூடச் சொன்னாங்க. கோர்ட்டம்மா புருஷன்னு எனக்கே தனி மரியாதை."

அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வேலையிலும் கை பழையபடி ஓடவில்லை. ஒருநாள் ஒரு சாட்சி, "நான் அப்ப அங்கதான் இருந்தேன்" என்று சொன்னதை அடிக்கும்போது அவள் விரல்கள் தாமாக நின்றுவிட்டன. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி அவர் பார்த்ததில்லை.

பேராசிரியை திரும்பி வந்தார். புது வகுப்புக்குப் பலகையில் ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் ரொட்டிக்காரர் கோர்ட்டம்மாவின் வீட்டு வாசலில் ஒரு பொட்டலத்தோடு நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, செருப்பில் மாவு என்றார்.

"ரொம்ப நாளா கடைப்பக்கம் காணோமே? சரி, விஷயத்தைச் சொல்றேன். டீச்சரம்மா வந்திருந்தாங்க. நான் பசங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்னு கேள்விப்பட்டு அவங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஞாயித்துக்கிழமை புது ஆளுங்களுக்கு மூணாம் பகுதியை நீங்களே படிங்கன்னுட்டாங்க! நான்! படிக்கிறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டேன்னு சொல்லணுமாம். உங்க பேரைச் சொல்லுவேன். ஒரு தடவை உங்க முன்னாடி படிச்சுப் பாத்துக்கட்டுமா?"

நாற்பது பேர் வரப் போகிறார்களாம். அவர் எழுந்து நின்று, பேராசிரியையின் முன்னாலேயே, பேராசிரியை ஒருநாளும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகச் சொல்லப் போகிறார். அந்த மனிதர் வெள்ளந்தியாக நாற்பது பேர் நடுவில் பொய்யனாகப் போகிறார். பொய் யாருடையது என்று அவருக்கே தெரியாது.

"நாளைக்குக் கடைக்கு வர்றேன் அண்ணா" என்றாள் கோர்ட்டம்மா.

சொன்னபடி போனாள். அவர் தகர அச்சுகளைக் கவிழ்த்துத் தட்டி ரொட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். மழை, போன், அலமாரி, மாடிப்படி. நோட்டில் எழுதாதது, பிரதியில் எழுதியது. கத்தியும் பேனாவும் தன் சொந்தச் சரக்கு என்பது. நீதிமன்றத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியதால் எதையும் வளைக்காமல் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே, இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்தவள் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ரொட்டிக்காரர் அச்சுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி அச்சு தீர்ந்ததும் காலி அச்சை இன்னொரு தடவை தட்டினார்.

"நான் நாலு பேருக்குப் படிச்சுட்டேனே" என்றார்.

"தெரியும்."

"தூங்கினார்னு படிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீங்களும் சிரிச்சீங்க."

"சிரிச்சேன்."

"அப்பவே தெரியுமா, நீங்களும் கேக்கலன்னு?"

"தெரியும் அண்ணா."

அவர் அவளை நேராகப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தில் கோபம் வரும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. "அப்ப இப்ப எதுக்குச் சொல்றீங்க? உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வரணும்னா? நீங்க சொல்லிட்டா உங்க வரி மட்டுமா போகும்? உங்ககிட்ட கேட்டேன்னு இருக்கிற என் வரியும்ல போகும்! மறுபடி நான் தூங்குனவன்தான்."

அதைத்தான் அவளும் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்திருந்தாள். சொல்லாவிட்டால் அவரை ஏமாற்றுகிறோம், சொன்னால் அவரிடமிருந்து பிடுங்குகிறோம். எப்படிப் போனாலும் நஷ்டம் அவருக்குத்தான், செய்தவளுக்கு இல்லை. "என்னை என்ன செய்யச் சொல்றீங்களோ செய்றேன்" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு மலிவான பேச்சு என்று அவளுக்கே பட்டது.

முன்னாலிருந்து மனைவி எழுந்து வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. கோர்ட்டம்மாவைப் பார்க்காமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டம் போட்ட நகலைக் கழற்றி, கண்ணாடி கீழே இருக்கும்படியாகக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். ரொட்டிக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலடி போய்த் திரும்பினார்.

"வாங்க. கண்ணாடிக்காரர் கேட்டாரில்ல? அவர்கிட்ட போவோம். நீங்களும்தானே கேக்கல."

கண்ணாடிக்கடையில் அவர்கள் இருவரும், கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் உட்காரும் நீள இருக்கையில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நூலகரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பிரதியை வாங்கி வந்திருந்தாள். எதிரே சுவரில் பெரிதிலிருந்து சின்னதாக இறங்கும் எழுத்துகள். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடிக்காரர், "அதுதான் எனக்குத் தெரியுமே, பின்னால நாற்காலி சத்தம் கேட்டுதே" என்றார். இந்த ஒரு தடவை அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. ஆனால் எழுதுகிறவள் அவள் என்பதால் அவளே எழுதிக்கொள்வாள் என்று நினைத்தாராம். கோர்ட்டம்மா தரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

"நீ விட்ட குறட்டைக்குய்யா! டீச்சரம்மா ஒரு வரி படிப்பாங்க, நீ ஒண்ணு விடுவ. ஆமோதிக்கிற மாதிரியே இருந்துச்சு."

வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்து, மேடைப் பேச்சுக் குரலில், ஒரு சொல் விடாமல் படித்தார். ரொட்டிக்காரர் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. பிழை திருத்தும் இடம் வந்தபோது மட்டும் தலையை ஆட்டினார். அவளுடைய சொந்தச் சரக்கு இல்லாமலே அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது.

படித்து முடித்ததும் கோர்ட்டம்மா அங்கேயே பிரதியைத் திறந்து, தன் பெயருக்கு எதிரே இருந்த 'முழுவதும் கேட்டார்' மேல் ஒரு மெல்லிய கோடு இழுத்தாள். அதன் பிறகு ரொட்டிக்காரரின் வரியில், 'குறிப்பு எழுதியவரிடம் கேட்டார்' மேலும் ஒரு கோடு. ஓரத்தில் எழுதினாள்: 'இவை இரண்டும் பொய். எழுதியவள் மூன்றாம் நாள் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அதை அறியமாட்டார்.' இந்தத் தடவை எழுத்து நடுங்கியது. நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார்.

"மிச்சத்தை நான் எழுதறேன்" என்று பேனாவை வாங்கினார் ரொட்டிக்காரர். பெரிய பெரிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தான் கண்ணாடிக்காரரிடம் கேட்டதை எழுதினார். அடுத்த வரியில் அவளும் கேட்டாள் என்று எழுதினார். அதை விட்டுவிடுவார் என்று அவள் பயந்திருந்தாள். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் தூங்குனது என்னோடது" என்றார், பேனாவை மூடிக்கொண்டே. "இது உங்களோடது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

அன்று மதியம் அவர் தன் கடை ஆட்கள் நான்கு பேரையும் உட்காரவைத்து, கத்தி பேனா கதையை மறந்துவிடச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி படித்தார் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை நிறைந்திருந்தது. கூடுதல் நாற்காலி போட்டும் சிலர் சுவரோரம் நின்றார்கள். முந்தைய நாளே கோர்ட்டம்மா போய் எல்லாவற்றையும் பேராசிரியையிடம் சொல்லியிருந்தாள். அவர் திட்டவில்லை. "குறிப்பை முழுசா படிச்சுத்தான் ஆரம்பிப்பேன். அடிச்சதையும் சேர்த்துத்தான். அதுதான் வழக்கம். நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல" என்று மட்டும் சொன்னார். வரவேண்டாம் என்று வீட்டுக்காரரும் சொன்னார். அவள் வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியை படித்தார். பெயர் பெயராக, வரி வரியாக. 'தூங்கினார்' என்று வந்ததும் சிரிப்பு எழுந்தது. அடுத்து ஓரக்குறிப்பு வந்தது. 'இவை இரண்டும் பொய்' என்ற இடத்தில் சிரிப்பு அடங்கிப் போயிற்று. யார் அந்த எழுதியவள் என்று இரண்டு மூன்று தலைகள் திரும்பித் தேடின. கோர்ட்டம்மாவுக்கு முகம் பற்றி எரிந்தது. கையை மடியில் கோத்துக்கொண்டு, எழுந்து ஓடிவிடாமல் இருப்பதற்காக ஒரு விரலை இன்னொரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் எழுந்தார். அதே இஸ்திரிச் சட்டை. "நான் இதைக் கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட கேட்டேன்" என்றார். முன்வரிசையில் கண்ணாடிக்காரர் பாதி எழுந்து எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார் பேராசிரியை. "இந்த வகுப்புக்கு யார் குறிப்பு எழுதறது?"

முன்பு போல எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. கோர்ட்டம்மா குனிந்துகொண்டாள். சுவரோரமிருந்து ரொட்டிக்காரரின் மனைவி, "நான் எழுதறேன்" என்றார். "எனக்குக் கண்ணுல எதுவும் தப்பாது." நோட்டும் பேனாவும் கைமாறின. அவர் ஒவ்வொரு வரிசையாக வந்து பெயர் கேட்டு எழுதினார். தெரிந்த முகங்களிடம் இரண்டு வார்த்தை பேசினார், கடைக்கு வருகிற ஒரு கிழவரிடம் "உங்க பேரை நான் கேக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே தானே எழுதிக்கொண்டார்.

நடு வரிசைக்கு வந்தார். எத்தனையோ வருடம் தினமும், வாங்கக்கா என்று சொல்லி ரொட்டியைக் கையில் வைத்தவர் கோர்ட்டம்மாவின் முன்னால் நின்று பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரு?"

கோர்ட்டம்மா சொன்னாள். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுதிக்கொண்டார். பெயருக்கு எதிரே, பிறகு குறிப்பு எழுத, மற்றவர்களுக்கு ஒரு வரி விட்டிருந்தவர், அவளுக்கு மூன்று வரி விட்டுவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.